ஒரு திருகு குமிழின் வியாபாரக் கதை

மளிகையோடு சில்லறைச் சாமான்களும் விற்கும் நம் கடைக்கு ஓர் அம்மா வருகிறார். பைக்குள்ளிருந்து தேய்ந்து இளகிப்போன ஒரு குக்கர் கேஸ்கட்டை எடுத்துக் காட்டி, "இந்த அளவில் ஒன்று இருக்கிறதா தம்பி?" என்று கேட்கிறார். "இந்த அளவெல்லாம் இப்போது வருவதில்லை அம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அவரும் போய்விடுகிறார். அவரோடு அவருடைய மாத மளிகைச் சிட்டையும் சேர்ந்து போகிறதா என்று நாம் யோசிப்பதில்லை.

வாடிக்கையாளருக்குத் தேவையான பொருள் ஒன்று. மொத்தச் சந்தையில் மலிவாகப் புரளும் பொருள் வேறொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் சிறு வியாபாரியின் பிழைப்பு இருக்கிறது. இதை விளக்க அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த ஒரு சிறிய பொருளின் கதையை இங்கே எடுத்துக்கொள்கிறோம். பொருள் மிகச் சிறியது: வீடியோ கேம் பெட்டியில் விரலால் சுழற்றும் ஒரு குமிழ். ஆங்கிலத்தில் 'ஸ்பின்னர்' என்பார்கள். மளிகைக்கடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் கடையிலிருந்துதான் தொடங்குகிறது.

கடை மூலையில் ஒரு கல்லா

1972ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சன்னிவேல் என்ற ஊர். அங்கே 'ஆண்டி கேப்ஸ் டாவர்ன்' என்ற மதுக்கூடத்தில் அடாரி நிறுவனம் சோதனைக்காக ஒரு பெட்டியை வைத்தது. காசு போட்டால் திரையில் பந்தாட்டம் ஆடலாம். விளையாட்டின் பெயர் 'பாங்'. சில நாட்களில் பெட்டி வேலை செய்யவில்லை என்று தகவல் வந்தது. அதை வடிவமைத்த பொறியாளர் ஆலன் ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தார். இயந்திரத்தில் கோளாறு இல்லை. காசு விழும் பாத்திரம் நிரம்பி வழிந்து, மேற்கொண்டு காசு விழ இடமில்லாமல் நின்றிருக்கிறது! கல்லா நிறைந்து இயந்திரம் நின்ற கதையை எந்த வியாபாரிதான் விரும்பமாட்டார்?

அடுத்த பத்தாண்டுகளில் இந்தப் பெட்டிகள் அமெரிக்காவெங்கும் பரவின. இதற்கென்றே திறந்த கூடங்கள் மட்டுமல்ல. தெருமுனைச் சில்லறைக் கடைகள், பீட்சா கடைகள், துணி வெளுக்கும் கடைகள் என்று கூட்டம் வந்துபோகும் இடமெல்லாம் ஒன்றிரண்டு பெட்டிகள் நின்றன. ஏற்பாடு எளிமையானது. பெட்டி வைத்திருப்பவர் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைப்பார். பழுது பார்ப்பதும் அவர் பொறுப்பு. கடைக்காரர் இடமும் மின்சாரமும் தருவார். 25 சென்ட் காசுகளை எண்ணி இருவரும் பங்கிட்டுக்கொள்வார்கள். பாதிக்குப் பாதி என்பதே பரவலான வழக்கம்.

இந்த ஏற்பாட்டில் கைபடும் பாகம்தான் உயிர்நாடி. திரை நன்றாகத் தெரியலாம், ஒலி கணீரென்று கேட்கலாம். குமிழ் ஒழுங்காகத் திரும்பவில்லை என்றால் ஆடுபவர் அடுத்த காசு போடமாட்டார். தராசு சரியில்லாத கடைக்கு யார் இரண்டாம் முறை வருவார்கள்?

குமிழுக்குள் என்ன இருக்கிறது?

'பாங்' பெட்டியில் இருந்த குமிழ் நமக்குப் பழக்கமானதே. பழைய ரேடியோவின் வால்யூம் கண்ட்ரோல் போன்றது. உள்ளே கரிப்பூச்சு கொண்ட ஒரு வளைவு. அதன்மேல் உரசிச் செல்லும் ஒரு தகடு. இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை திருப்பலாம், அதற்குமேல் போகாது. நாளடைவில் பூச்சு தேயும். ரேடியோவைத் திருப்பினால் 'கரகர'வென்று இரைவதுபோல, திரையில் மட்டை நடுங்கத் தொடங்கும்.

இதற்கு மாற்றாக வந்ததே ஸ்பின்னர். இதற்குக் கோடியே கிடையாது. எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றலாம். குமிழின் தண்டில் ஒரு மெல்லிய சக்கரம். சக்கரத்தின் ஓரமெங்கும் சம இடைவெளியில் துளைகள். ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. மறுபக்கம் அந்த ஒளியை உணரும் 'கண்'. சக்கரம் சுழலும்போது ஒளி விட்டுவிட்டுத் தெரியும். அந்த விட்டுவிட்டுத் தெரிவதை இயந்திரம் எண்ணிக்கொள்கிறது. உரசும் பாகம் இல்லாததால் தேய்மானமும் குறைவு.

ஒரே ஒரு கண் இருந்தால் எத்தனை துளைகள் கடந்தன என்று தெரியுமே தவிர, வலமா இடமா என்று தெரியாது. ஆகவே இரண்டு கண்களைச் சற்றே தள்ளி வைத்தார்கள். எந்தக் கண்ணில் முதலில் ஒளி மாறுகிறதோ அதைக்கொண்டு திசை தெரிந்துவிடும். ஒவ்வொரு துளையும் கடக்கும்போது இரு கண்களுக்கும் சேர்த்து நான்கு மாற்றங்கள். உதாரணமாக, சக்கரத்தில் 72 துளைகள் என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 288 மாற்றங்கள். அதாவது ஒன்றேகால் பாகை திரும்பினாலே இயந்திரத்துக்குத் தெரிந்துவிடும். ஜாய்ஸ்டிக்கால் இது முடியாது. ஜாய்ஸ்டிக் 'இந்தப் பக்கம் போ' என்று மட்டுமே சொல்லும். குமிழ் 'இந்தப் பக்கம், இவ்வளவு தூரம், இந்த வேகத்தில் போ' என்று சொல்லும்.

1981இல் அடாரி வெளியிட்ட 'டெம்பெஸ்ட்' இந்தக் குமிழைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது. சுரங்கம் போன்ற ஒரு குழாயின் விளிம்பில் ஆடுபவர் ஓட வேண்டும். ஆழத்திலிருந்து எதிரிகள் ஏறி வருவார்கள். குமிழை ஒரு சுண்டு சுண்டினால் விளிம்பின் மறுகோடிக்குப் போய்விடலாம். 1982இல் வந்த 'டிரான்' பெட்டியில் இடக்கைக்குக் குமிழ், வலக்கைக்கு ஜாய்ஸ்டிக். 1983இல் வந்த 'டிஸ்க்ஸ் ஆஃப் டிரான்' பெட்டியில் குமிழைச் சுழற்றுவதோடு மேலே இழுக்கவும் கீழே அழுத்தவும் முடிந்தது. 1986இல் ஜப்பானிய டைட்டோ நிறுவனத்தின் 'அர்கனாய்ட்' வந்தது. செங்கல் உடைக்கும் ஆட்டம். அதன் குமிழுக்குள் பல்சக்கரம் வைத்து, விரல் சிறிது அசைந்தாலும் துளைச் சக்கரம் வேகமாகச் சுழலும்படி செய்திருந்தார்கள்.

ஓரங்கட்டியது யார்?

இவ்வளவு நல்ல பொருள் பிறகு ஏன் மறைந்தது? ஆடுபவர்கள் வெறுத்ததாலா? இல்லை. இடையில் இருந்த வியாபாரத்துக்கு அது வசதிப்படவில்லை. நாம் கூர்ந்து கவனிக்க வேண்டிய இடம் இது.

1982க்குப் பிறகு பெட்டிகளின் வருமானம் குறையத் தொடங்கியது. புதுப்பெட்டி வாங்கக் கையில் பணம் இல்லாதவர்கள் பழைய பெட்டியின் வயிற்றை மட்டும் மாற்றினார்கள். உள்ளே இருக்கும் பலகையைக் கழற்றிப் புதிய ஆட்டத்தின் பலகையைப் பொருத்தினால், அதே பெட்டி புதுப்பெட்டி ஆகிவிடும். செலவு மிச்சம். 1985இல் ஜப்பானியப் பொழுதுபோக்கு இயந்திர உற்பத்தியாளர் சங்கம் இதற்கென்று ஒரு பொதுவான இணைப்பு முறையை வகுத்தது. சங்கத்தின் பெயரைச் சுருக்கி 'ஜாமா' என்றார்கள். 56 முனைகள் கொண்ட ஒரே இணைப்பு. மின்சாரம், படம், ஒலி, காசு, இரண்டு பேருக்கான ஜாய்ஸ்டிக், பட்டன்கள் எல்லாம் அதன் வழியே போய்விடும். ஒரு பலகையைப் பிடுங்கி மறு பலகையைச் செருகினால் வேலை முடிந்தது.

அந்த 56 முனைகளில் குமிழுக்கு இடமில்லை. குமிழ் வேண்டும் என்றால் தனியாகக் கம்பி இழுக்க வேண்டும். பெட்டியின் முகப்புப் பலகையில் தனியாகத் துளை போட வேண்டும். நாளைக்கு வேறு ஆட்டம் மாற்றினால் அந்தக் குமிழ் வீண். பெட்டி உரிமையாளர் கணக்குப் போட்டார். ஜாய்ஸ்டிக் பெட்டிக்கு நூறு ஆட்டங்கள் பொருந்தும். குமிழ் பெட்டிக்கு நாலைந்துதான். ஆகவே ஜாய்ஸ்டிக்கையே கேட்டார். அவர் கேட்டதைத் தயாரிப்பாளர் செய்தார். 1991இல் வந்து உலகையே கலக்கிய 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'இல் ஒரு ஜாய்ஸ்டிக், ஆறு பட்டன்கள். குமிழ் ஆட்டங்கள் அரிதாகிவிட்டன.

யாரும் தவறு செய்யவில்லை. ஒவ்வொருவரும் தம் கல்லாவுக்குச் சரியான முடிவையே எடுத்தார்கள். ஆனால் ஆடுபவரின் விரலில் அந்தக் குமிழின் நினைவு மட்டும் தங்கிவிட்டது. பொருள் சந்தையை விட்டுப் போகலாம். தேவை மனத்தை விட்டு அவ்வளவு எளிதில் போவதில்லை.

வீட்டுக்குள் வந்த பெட்டி

1997ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் இத்தாலியைச் சேர்ந்த நிக்கோலா சால்மோரியா 'மாமே' என்ற கணினி நிரலை வெளியிட்டார். பழைய காசுப் பெட்டிகளின் உள்ளே இருந்த மின்பலகைகள் எப்படி வேலை செய்தனவோ அப்படியே வீட்டுக் கணினியை நடிக்க வைக்கும் நிரல் அது. பழைய விளையாட்டுகள் அழிந்துவிடாமல் காப்பதே நோக்கம். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த விளையாட்டுகளுக்கு உரிமையாளர்கள் உண்டு. அனுமதியின்றி அவற்றைப் படியெடுப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். அந்தப் பக்கம் போகாமல், குமிழை மட்டும் செய்து விற்றவர்களைப் பற்றியே நாம் பேசுகிறோம்.

சிறுவயதில் கடை மூலையில் காசு போட்டு ஆடியவர்கள் இப்போது வளர்ந்து, வேலையில் அமர்ந்து, கையில் நாலு காசு பார்த்திருந்தார்கள். பழைய கணினி ஒன்று, பழைய டி.வி. ஒன்று, சில பலகைகள். வார விடுமுறையில் ரம்பமும் திருப்புளியும் எடுத்துக்கொண்டு தாங்களே பெட்டி செய்ய ஆரம்பித்தார்கள். 2004இல் இதற்கென்று 'ப்ராஜெக்ட் ஆர்கேட்' என்ற வழிகாட்டி நூலே வெளிவந்தது. அந்த அளவுக்கு ஆர்வம் பெருகியிருந்தது.

ஜாய்ஸ்டிக்கும் பட்டனும் பாகங்கள் விற்கும் கடைகளில் கிடைத்தன. குமிழ் கிடைக்கவில்லை. ஜாய்ஸ்டிக்கை வைத்து 'டெம்பெஸ்ட்' ஆடிப் பார்த்தார்கள். உப்பில்லாத சாம்பார்போல் இருந்தது. கணினி மவுஸை வைத்து ஆடினார்கள். மேசையின் ஓரம் வந்ததும் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியிருந்தது.

அப்போது ஒரு விஷயம் அவர்கள் கண்ணில் பட்டது. உருண்டை வைத்த பழைய மவுஸைத் திறந்து பார்த்தால், உள்ளே இரண்டு குட்டித் துளைச் சக்கரங்கள், பக்கத்தில் அகச்சிவப்பு ஒளி, எதிரே கண்கள். ஸ்பின்னருக்குள் இருக்கும் அதே ஏற்பாடு! மவுஸின் சக்கரத்தை ஒரு தண்டோடு இணைத்தார்கள். தண்டின் தலையில் குமிழை மாட்டினார்கள். கணினி அதை மவுஸ் என்றே நம்பியது. தண்டு வழுவழுப்பாகச் சுழல நல்ல பேரிங் வேண்டுமே? பழுதடைந்த வி.சி.ஆர். கருவியின் தலை உருளையையும், செத்துப்போன ஹார்டு டிஸ்க்கின் மோட்டாரையும் கழற்றி எடுத்தார்கள். குப்பைக்குப் போகவேண்டியவை குமிழாக மாறின. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

பட்டறையில் பிறந்த வியாபாரம்

எல்லோருக்கும் மவுஸைப் பிளந்து பற்றவைக்கும் பொறுமை இருக்குமா? "செய்தே கொடுத்துவிடுங்கள், காசு தருகிறேன்" என்று சொல்ல ஆள் இருந்தது. அந்த ஒரு சொல்லிலிருந்துதான் வியாபாரம் பிறந்தது.

2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் அமெரிக்காவில் ஆஸ்கார் கண்ட்ரோல்ஸ் என்ற சிறு நிறுவனம் வீட்டுப் பெட்டிகளுக்கென்றே ஸ்பின்னர் செய்து விற்றது. குரூவி கேம் கியர் என்ற மற்றோர் அமெரிக்க நிறுவனம் 'டர்போ ட்விஸ்ட்' என்ற பெயரில் ஸ்பின்னர் கொண்டுவந்தது. பிரிட்டனைச் சேர்ந்த அல்டிமார்க், ஜாய்ஸ்டிக்கையும் பட்டனையும் கணினியோடு இணைக்கும் சிறு பலகைகளை விற்றுப் பெயர் பெற்ற நிறுவனம். அதுவும் 'ஸ்பின்ட்ராக்' என்ற ஸ்பின்னரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவை பெரும் ஆலைகள் அல்ல. விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். சிறு அளவில் தயாரிப்பு. வாடிக்கையாளருக்கு நேரடியாகத் தபால் வழி விற்பனை. இடையில் மொத்த வியாபாரி இல்லை, பெரிய விளம்பரம் இல்லை.

வாடிக்கையாளர் எண்ணிக்கை ஒரு நகரத்தில் ஒருவர் இருவர்தான். ஆனால் உலகம் முழுவதும் கூட்டினால் ஒரு பட்டறைக்குப் போதுமான வேலை. ஊர் ஊராய்ச் சிதறிக் கிடந்தவர்களைத் தபாலும் கணினித் தொடர்பும் ஒரே கடைவாசலில் கொண்டுவந்து சேர்த்தன.

விலையையும் கவனிக்க வேண்டும். ஒரு சாதாரண ஜாய்ஸ்டிக்கைவிட ஸ்பின்னரின் விலை பல மடங்கு. ஆனாலும் வாங்கினார்கள். ஏன்? வேறெங்கும் கிடைக்காது, கிடைக்கும் இடத்தில் தரம் இருந்தது. இப்படிப்பட்ட வாடிக்கையாளர் விலையைக் கேட்கும் முன் வேறொரு கேள்வி கேட்பார்: "இது சரியாகப் பொருந்துமா?" அதற்கு நேர்மையான பதில் சொல்பவருக்கே வியாபாரம்.

நல்ல சரக்கு எது?

பார்வைக்கு எல்லாக் குமிழும் ஒன்றுபோல்தான் இருக்கும். தேர்ந்தவர் நாலு சோதனை செய்வார்.

முதலாவது, சுழற்சி. சுண்டிவிட்டால் குமிழ் தன்பாட்டில் சில நொடிகள் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். இதற்காகச் சில தயாரிப்பாளர்கள் தண்டின் அடியில் கனமான உலோக வட்டு ஒன்றைச் சேர்த்தார்கள். தையல் இயந்திரத்தின் சக்கரம் காலை எடுத்த பிறகும் சற்று ஓடுகிறதே, அதே தத்துவம். 'டெம்பெஸ்ட்' ஆடுபவருக்கு இந்தக் கனம் வேண்டும். 'அர்கனாய்ட்' ஆடுபவருக்கோ நினைத்த இடத்தில் சட்டென்று நிற்க வேண்டும். கனம் மிகுந்தால் குமிழ் தாண்டிப் போய்விடும். இருவருக்கும் பொருந்துமாறு நடுநிலை காண்பதே தயாரிப்பாளரின் சாமர்த்தியம். கூட்டுவதும் குறைப்பதும் வாடிக்கையாளர் விருப்பத்துக்கு என்று, வட்டைக் கழற்றி மாட்டும்படி விடுவது இன்னும் புத்திசாலித்தனம்.

இரண்டாவது, ஆட்டம் கொடுத்தல். குமிழைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் அசையக் கூடாது. வெறும் புஷ் வைத்தால் நாளடைவில் தேய்ந்து ஆடும். நல்ல பால்பேரிங் இரண்டை மேலும் கீழுமாக வைத்தால் தண்டு நேராக நிற்கும். பேரிங்கில் கெட்டியான கிரீஸ் இருந்தால் சுழற்சி மந்தப்படும். அதைக் கழுவி எடுத்து மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விடுவோரும் உண்டு.

மூன்றாவது, எண்ணிக்கை பிசகாமை. வேகமாகச் சுழற்றும்போது இயந்திரம் சில துளைகளை எண்ணத் தவறினால், குமிழ் வலப்பக்கம் சுழல, திரையில் இடப்பக்கம் ஓடும்! சினிமாவில் வண்டி முன்னோக்கி ஓடும்போது சக்கரம் மட்டும் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தெரிகிறதல்லவா, அதுபோன்ற ஏமாற்றம் இது. பழைய மவுஸைப் பிளந்து செய்த குமிழ்களில் இந்தத் தொல்லை சகஜம். எவ்வளவு வேகத்திலும் கணக்குத் தப்பாத பலகையைச் சேர்த்துக் கொடுத்தவர்களே நிலைத்தார்கள்.

நான்காவது, பொருத்தும் அளவு. வாங்கிய குமிழ் வீட்டுக்காரர் செய்த பலகையில் உட்கார வேண்டும். பலகை எவ்வளவு தடிமன், கீழே எவ்வளவு ஆழம் வேண்டும், துளை எத்தனை அங்குலம் என்பதை விற்பவர் முன்பே தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விற்றால் பொருள் திரும்பி வரும். தபால் செலவு இலாபத்தை விழுங்கிவிடும்.

இவற்றோடு உபரிச் சரக்கும் ஓடியது. பல நிறத்தில், பல அளவில் குமிழ்த் தலைகள். அதே தண்டில் மாட்டும் சிறிய ஸ்டீயரிங் சக்கரம். 1986இல் வந்த 'சூப்பர் ஸ்பிரிண்ட்' போன்ற பழைய கார் ஆட்டங்களில் ஸ்டீயரிங்குக்கும் கோடி கிடையாது. எத்தனை சுற்றும் சுற்றலாம். ஆகவே குமிழைக் கழற்றிச் சக்கரத்தை மாட்டினால் ஒரே ஸ்பின்னர் இரண்டு வேலை செய்தது. விளக்கு விற்றவன் திரியும் விற்பதுபோல, ஒரு முறை வந்த வாடிக்கையாளர் இரண்டாம் முறையும் வர இதுவே வழி.

பணம் எங்கே சிக்கியது?

இனிப்பை மட்டும் சொன்னால் பத்திரிகை தர்மம் ஆகாது. இந்தச் சிறு வியாபாரத்தில் கை சுட்டுக்கொண்டவர்களும் உண்டு.

ஒற்றை ஆள் பட்டறை. சரக்குக்குப் பெயர் வந்துவிடுகிறது. ஆர்டர்கள் குவிகின்றன. உலோகம் கடைந்து கொடுப்பவர் தாமதிக்கிறார். வாங்கிய முன்பணம் புதுச் சரக்குக்கு முதலீடாகிவிடுகிறது. பழைய ஆர்டரைப் புது ஆர்டரின் பணத்தில் முடிக்கும் நிலை வருகிறது. வாரம் மாதமாகிறது, கடிதத்துக்குப் பதில் இல்லை. பிறகு ஒருநாள் கதவு சாத்தப்படுகிறது. பணம் கட்டியவர் கையில் குமிழும் இல்லை, காசும் இல்லை. இத்துறையில் இப்படி மூடிய கடைகள் உண்டு. பெயர் நமக்குத் தேவையில்லை, பாடம் போதும். வாடிக்கையாளரின் முன்பணம் நம் முதல் அல்ல. அது நம்மிடம் உள்ள அவருடைய பணம். சரக்கு அவர் கைக்குப் போய்ச் சேரும் வரை அதைக் கடனாகவே எழுதிவைக்க வேண்டும்.

ஏமாற்ற நினைத்து மூடியவர்கள் எல்லோரும் அல்லர். விருப்பத்துக்காகத் தொடங்கி, உழைப்புக் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் விலை வைத்து, விற்க விற்க நஷ்டம் கண்டு ஓய்ந்தவர்களும் இருப்பார்கள். கடைசல் கூலி, பேரிங், பெட்டி, அட்டை, தபால், திரும்பி வரும் சரக்கு, தன் மணிநேரம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்காதவர் வைக்கும் விலை விலையே அல்ல.

இன்னொரு பக்கம் மலிவுச் சரக்கும் வந்தது. தொழிற்சாலை இயந்திரங்களில் பயன்படும் என்கோடர்கள், ஒரு சுற்றுக்கு 600 துடிப்பு கொடுப்பவை, மலிவு விலையில் கிடைக்கத் தொடங்கின. அதோடு 'ஆர்டுயினோ' போன்ற ஒரு சிறு பலகையைச் சேர்த்தால், கணினி அதை மவுஸ் என்று ஏற்றுக்கொள்ளும். கைத்திறன் உள்ளவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். 2012இல் 35 டாலர் விலையில் 'ராஸ்பெர்ரி பை' என்ற குட்டிக் கணினி வந்து பெட்டி செய்யும் செலவையே குறைத்தது. 2018இல் ஆர்கேட்1அப் என்ற நிறுவனம் முக்கால் அளவுப் பெட்டிகளைத் தயார்நிலையில் பெரிய கடைகள் வழியே விற்கத் தொடங்கியது. அவற்றுள் 'டெம்பெஸ்ட்' அடங்கிய பெட்டியில் குமிழும் இருந்தது. அதாவது, முப்பது ஆண்டுகளுக்கு முன் வசதிப்படவில்லை என்று பெருவியாபாரம் கைவிட்ட அதே பாகத்தை, தேவை இருக்கிறது என்று சிறு பட்டறைக்காரர்கள் நிரூபித்த பிறகு, பெருவியாபாரம் திரும்ப எடுத்துக்கொண்டது.

அப்படியானால் சிறியவர் தோற்றாரா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. தயார்ப் பெட்டி வாங்கியவரும் நாளைக்கு இன்னும் நல்ல குமிழ் தேடுவார். பழுதான பாகத்துக்கு மாற்றுத் தேடுவார். அப்போது அவர் தட்டப்போவது சிறியவர் கதவைத்தான்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

1. "இது போவதில்லை" என்று மொத்த வியாபாரி சொல்வதும், "இது வேண்டாம்" என்று வாடிக்கையாளர் சொல்வதும் ஒன்றல்ல. முதலாவது சந்தையின் வசதி, இரண்டாவதுதான் தேவை. குமிழ் மறைந்தது முதலாவதால்.

2. கேட்டு இல்லை என்று சொன்ன பொருளைக் குறித்துவைக்க ஒரு சிறு நோட்டு போடுங்கள். மாதக் கடைசியில் புரட்டிப் பாருங்கள். ஒரே பொருளை நாலு பேர் கேட்டிருந்தால் அது சரக்கு. ஒருவர் மட்டுமே கேட்டிருந்தால் அது வரவழைத்துக் கொடுக்க வேண்டிய உதவி.

3. மெல்லப் போகும் சரக்கில் முதலைக் கொட்டிவிடாதீர்கள். அரிசி, பருப்பு, எண்ணெயில் சுழலும் பணமே கடையை நடத்துகிறது. அபூர்வச் சரக்கு கைக்கு அடக்கமாக, ஒரு தட்டில் அடங்கும் அளவுக்கு இருக்கட்டும். அதன் வேலை இலாபம் குவிப்பதைவிட, 'அங்கே போனால் கிடைக்கும்' என்ற பேரைத் தேடித் தருவது.

4. பொருந்துமா என்று கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள். பொருந்தாது என்று சொல்லி ஒரு விற்பனையை இழந்தால், அந்த நம்பிக்கை பத்து விற்பனையைக் கொண்டுவரும்.

5. உதிரிப் பாகத்தை மறக்காதீர்கள். முழுப் பொருளை யாரும் விற்பார்கள். தேய்ந்ததற்கு மாற்றுக் கொடுப்பவர் சிலரே.

6. முன்பணம் வாங்கினால் தேதி சொல்லுங்கள். தேதி தவறினால் வாடிக்கையாளர் கேட்கும் முன் நீங்களே சொல்லுங்கள். முடியாது என்று தெரிந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சன்னிவேல் மதுக்கூடத்தில் காசு நிரம்பி நின்ற பெட்டியிலிருந்து, ஹார்டு டிஸ்க் மோட்டாரில் குமிழ் செய்த வீட்டுப் பட்டறை வரை, இந்தக் கதையில் எல்லாமே கைக்கு அடக்கமான ஒரு சிறு பாகத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது. அதை விட்டவர்களும் கணக்குத் தெரிந்தவர்களே. அதைப் பிடித்துக்கொண்டவர்களும் கணக்குத் தெரிந்தவர்களே. வேறுபாடு ஒன்றுதான். முன்னவர் பெட்டியைப் பார்த்தார். பின்னவர் ஆடுபவரின் கையைப் பார்த்தார்.

பெரிய கடைகளோடு விலையில் மட்டும் போட்டி போட நம்மால் ஆகாது. அவர்கள் வண்டி வண்டியாக இறக்குவதை நாம் மூட்டை மூட்டையாகத்தான் இறக்க முடியும். ஆனால் எதிரே நிற்பவரின் கையில் என்ன தேய்ந்திருக்கிறது என்று பார்க்க அவர்களுக்கு நேரமில்லை, நமக்கு உண்டு. நாளைக்கு அந்த அம்மா மறுபடி வந்தால், "அளவை விட்டுவிட்டுப் போங்கள் அம்மா, சந்தைக்குப் போகும்போது பார்த்து வாங்கி வருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். கேஸ்கட்டில் வரும் இலாபம் ஒரு டீக்குக் கூடக் காணாது. ஆனால் அடுத்த மாதச் சிட்டை நம் கடைக்குத்தான் வரும்.